செவிலியர் பதிவும் போலிச் சான்றிதழ்க் குற்றச்சாட்டும்

அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவரின் பெயரைச் சட்டப்படி அமைந்த கவுன்சில் தன் ஏட்டில் ஏற்றுவதே செவிலியர் பதிவு. மதிப்பெண் பட்டியலோ பட்டயமோ போலி என்று புகார் எழுந்தால் அந்தப் பதிவை நர்ஸ் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதை, காரைக்கால் கடற்கரை மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவேட்டின் தோற்றம்

சென்னை எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனை 1844இல் தோன்றியது. 1854இல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி வந்தது. பயிற்சி கொடுத்த மருத்துவமனையே சான்றும் கொடுத்தது. அந்தச் சான்று மெய்தானா என்று விசாரிக்க வேறு இடம் கிடையாது. நியூசிலாந்து 1901இல் நர்ஸ் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அந்நாட்டுப் பதிவேட்டின் முதல் பெயர் எல்லன் டோகர்ட்டி. இங்கிலாந்தில் எத்தல் பென்விக் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடிய பிறகே 1919இல் சட்டம் பிறந்தது. அந்தப் பதிவேட்டின் முதல் எண்ணும் அவருக்கே கிடைத்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் கடைசிவரை பதிவு முறையை எதிர்த்தார். நல்ல நர்ஸின் குணத்தைத் தேர்வும் ஏடும் அளந்துவிட முடியாது என்ற அவரது வாதம் பின்னாளில் எடுபடவில்லை.

இந்தியாவில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1926ஆம் ஆண்டின் சென்னை நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டமே இன்றைய தமிழ்நாடு கவுன்சிலுக்கு அடித்தளம். ஆனால் அதன் அதிகாரம் நாகூருக்கு வடக்கே வாஞ்சூர் எல்லையோடு நின்றது. அதற்கப்பால் பிரெஞ்சு ஆட்சி. காரைக்கால் 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. அதற்கு முன்பே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் இயற்றப்பட்டு, எந்தெந்தத் தகுதிகள் செல்லும் என்ற அட்டவணையை வகுத்திருந்தது.

குற்றச்சாட்டின் வகைகள்

தாளே போலியாக இருப்பது ஒன்று. தாள் மெய்யாக இருந்தும் கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லாமல் போவது மற்றொன்று. இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்ப்பது தவறு. மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சி.பி.ஐ. 308 நர்சிங் கல்லூரிகளை ஆய்வு செய்தது. 169 தகுதியானவை, 74 குறைபாடுள்ளவை, 65 தகுதியற்றவை என்று 2024இல் தெரியவந்தது. அங்கே படித்தவர்கள் ஏமாந்தவர்களே தவிர ஏமாற்றியவர்கள் அல்லர். அமெரிக்காவின் புளோரிடாவில் 2023 ஜனவரியில் வெளிப்பட்ட விவகாரம் வேறு ரகம்: மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட பட்டயங்கள் விலைக்குப் போயிருந்தன. பதிவு முறையை எதிர்த்தவரின் பெயராலேயே அந்தப் புலனாய்வு ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ எனப்பட்டது.

எதிர்வாதம்

குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரமான ஆவணங்களின் நகல், பதில் தர அவகாசம், நேரில் விளக்க வாய்ப்பு, காரணம் சொல்லும் உத்தரவு: இயற்கை நீதி கோருபவை இவை. ‘எங்கள் பதிவில் இல்லை’ என்ற பல்கலைக்கழகத்தின் ஒருவரிக் கடிதத்தை மட்டும் நம்பிப் பெயரை நீக்க முடியாது. அக்கடிதத்தின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

இத்தகைய வழக்குகளில் கையிலுள்ள தாளைவிட, அதை வழங்கிய அலுவலகத்தின் மூல ஏடே பேசும். சேர்க்கைப் பதிவேடு, தேர்வுக் கட்டண ரசீது, ஹால் டிக்கெட், வார்டுப் பயிற்சிக் குறிப்பேடு ஆகியவை அந்த ஏட்டோடு ஒத்துப்போனால் புகார் நிற்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கிளிஞ்சல்மேட்டு வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி மூலச் சான்று தொலைந்து டூப்ளிகேட் வாங்கியவரிடம் வழங்கிய தேதி வேறாக இருக்கும். வளைகுடா வேலைக்கான டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில் அது ஐயத்தைக் கிளப்பலாம். டூப்ளிகேட் கேட்ட விண்ணப்பத்தின் நகலை வைத்திருந்தால் விளக்கம் எளிது.

மோசடி உறுதியானால் இரக்கத்துக்கு இடமில்லை. சான்று பொய்யென்று தெரிந்த பின், 27 ஆண்டுப் பணியைக் காட்டிச் சலுகை கேட்ட விஸ்வநாத பிள்ளையின் வேண்டுகோளை 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கு சாதிச் சான்று பற்றியது. நீதிமன்றங்கள் அதே அளவுகோலைக் கல்விச் சான்றுக்கும் பொருத்துகின்றன.

கவுன்சில் விசாரணையும் போலீஸ் வழக்கும் தனித்தனிப் பாதைகள். ஏமாற்றும் நோக்கில் ஆவணம் புனைந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை கிடைக்கும். தெரிந்தே பயன்படுத்துவோருக்கும் அதே தண்டனை. எனவே கவுன்சிலுக்கு எழுதும் பதிலை வழக்கறிஞர் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.

2023ஆம் ஆண்டின் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 1947 சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் பெயர் நீக்கப்பட்டாலும், அதில் இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால் மேல்முறையீட்டு வழி இருந்தாலும் ரிட் மனு ஏற்கப்படலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டு வேர்ல்பூல் தீர்ப்பு. காரைக்கால் மாவட்டத்தார் அந்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வில் தாக்கல் செய்ய வேண்டும்; மதுரைக் கிளையில் அல்ல.