ஆவணப்படமும் கூடிப் பேசுதலும்

கொல்லிமலையின் ஊராட்சிகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இம்மலைச் சரிவுகளில் சென்ற சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவியது. கிழங்கு சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கியது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பாக்சைட்டும் வெட்டப்பட்டது. ஒரு மலையின் உணவும் மண்ணும் மாறுவது ஒரே நாளில் நிகழ்வதன்று; ஆகவே அது நாளிதழ்களுக்குச் செய்தியாவது அரிது. இத்தகைய நெருக்கடிகளைப் பதிவு செய்து மக்கள் முன் வைக்கும் பணியை ஆவணப்படங்கள் ஏற்றன. அவை மக்களை அடைந்த விதம் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது.

1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. அதன் படங்கள் திரையரங்குகளில் கதைப்படத்திற்கு முன்னர் கட்டாயமாகக் காட்டப்பட்டன. பெரும்பாலும் அரசு சொல்ல விரும்பியதை அவை சொல்லின. பார்த்தவர் மறுமொழி கூற அங்கே இடமில்லை. இதற்கு நேர்மாறான முயற்சி 1968-இல் அர்ஜெண்டினாவில் நிகழ்ந்தது. சொலானாஸும் கெத்தினோவும் எடுத்த 'உலைகளின் நேரம்' இராணுவ ஆட்சியின் கண்ணுக்குத் தப்பி மறைவாகத் திரையிடப்பட்டது. படத்தை இடையில் நிறுத்தி விவாதிப்பதற்கென்று இயக்குநர்களே அதில் இடம் விட்டிருந்தனர்.

நமக்கு அருகில் இவ்வழியை வகுத்தவர் 'அக்ரஹாரத்தில் கழுதை' தந்த ஜான் ஆபிரகாம். 1984-இல் கேரளத்தில் அவரும் நண்பர்களும் ஒடேசா இயக்கத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகள் திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்து, அதனை மக்களிடமே கொண்டு சென்றனர்.

தமிழகத்தில் வீடியோவின் வரவு இப்பணியை எளிதாக்கியது. 1998-இல் அமுதன் ஆர்.பி. மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணி காவல்துறையால் தாக்கப்பட்டு, தாமிரபரணியில் 17 பேர் இறந்தனர். அதனை 'நதியின் மரணம்' என்னும் படமாக்கினார் காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்.ஆர்.சீனிவாசன்.

இவ்வரலாற்றில் தடைகளும் தொடர்ந்தன. 2004-இல் மும்பை சர்வதேசத் திரைப்பட விழா இந்திய ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்று கேட்டபோது, இயக்குநர்கள் ஒன்றுகூடி 'விகல்ப்' என்னும் மாற்று விழாவை நடத்தினர். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தை 2017-இல் பல இடங்களில் திரையிட விடாமல் காவல்துறை தடுத்தது. பின்னர் அதே படம் யூடியூபில் வெளியாகிப் பலரையும் அடைந்தது. தனித்தனியே பார்ப்பதைவிட, ஒரு கூடத்தில் ஐம்பது பேர் சேர்ந்து பார்த்து, பின்னர் பேசுவதே அதிகாரத்துக்கு உறுத்தலாக இருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

கூடிப் பேசுதலுக்கு வேறொரு பயனும் உண்டு. அது படத்தையே திருத்தும். கொல்லிமலையில் சிறுதானியம் குறைந்ததை ஒரு படம் இழப்பாக மட்டும் காட்டலாம். ஆனால் சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்கும் உழைப்பு பெண்களின் தோள்மேலிருந்தது. மரவள்ளி கைக்குப் பணம் தந்தது. அந்த உழைப்பும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முனைந்தபோது, தானியம் தீட்டும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவர வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. இச்செய்தியைச் சமவெளியிலிருந்து வரும் படப்பிடிப்பாளரைவிட, ஆலத்தூர் நாட்டில் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணே தெளிவாகச் சொல்ல இயலும். அவர் பேசுவதற்கு நாம் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

படம் முடிந்ததும் நன்றியுரை கூறி, நாற்காலிகளை அடுக்கிவிடும் கூட்டங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. நேரமின்மை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நேரம் குறைவெனில் படத்தைச் சிறியதாகத் தேர்ந்துகொள்ளலாம், பேச்சைச் சுருக்கலாகாது.