மாடு தின்னாத வைக்கோல்

போன சித்திரையில எங்க மிளகாய்ச் செடியெல்லாம் வெயிலுக்கு வாடிப்போய் நின்னுச்சு. பக்கத்துல காளான் கொட்டகை வெச்சிருக்கிற தம்பி, அறுவடை முடிஞ்ச பைகளை ஓடைக்கரையில கொட்டிக்கிட்டு இருந்தான். இயற்கை உரம்தானேன்னு ரெண்டு வண்டி வாங்கி அப்படியே செடி மூட்டுல போட்டேன். பத்து நாள்ல இலை நுனி கருகி, இருந்த பச்சையும் வெளுத்துப் போச்சு. பக்கத்துக் காட்டுப் பெரியம்மா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "பச்சைச் சாணியை யாராச்சும் வேர்ல போடுவாங்களாடா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய கதையே இருக்குங்க.

காளான் கழிவு நிலத்துக்குப் போவது புதுசில்லை. பாரிஸ் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தில் காளான் வளர்த்த முறையை 1707-லேயே தூர்னஃபோர் என்ற தாவரவியல் அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தொழில், ஊருக்கு அடியில் கல் வெட்டி எடுத்த சுரங்கங்களுக்குள் இறங்கியது. நகரத்து லாயங்களில் அள்ளிய சாணத்தைக் குவித்து, புரட்டிப் புரட்டிப் பதமாக்கித்தான் காளான் படுக்கை போட்டார்கள். காளான் எடுத்து முடிந்த எரு மறுபடி தோட்டங்களுக்கே போனது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கென்னட் ஸ்கொயர் என்ற ஊர் மொட்டுக் காளானுக்குப் பேர் போனது. அங்கே கழிவை வெட்டவெளியில் குவித்து, மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் கிடக்கவிடும் வழக்கம் உண்டு. மழைத்தண்ணீர் அதில் இருக்கும் உப்பைக் கழுவிவிடும். அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் அது வேற தொல்லை.

நம்ம பக்கம் வருவோம். நெல் வைக்கோலில் காளான் வளர்ப்பது பற்றிக் கோவை ஆராய்ச்சியாளர்கள் 1943-லேயே எழுதினார்கள். 1998-ல் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகம் வந்தது. இது நம்ம ஊர் வெயிலைத் தாங்கும். அதுக்கப்புறம் கிராமங்களில் கொட்டகைகள் பெருகின.

அதே காலத்தில்தான் எங்க ஊர்ல மாடுகள் குறைஞ்சுது. எங்க தாத்தா காலத்துல வைக்கோல் மாட்டு வயித்துக்குள்ள போயி, சாணியா எருக்குழிக்கு வந்து, அடுத்த பட்டத்துக்குத்தான் காட்டுக்குப் போகும். இப்ப மாடு தின்ன வைக்கோலைக் காளான் தின்னுது. வைக்கோல்ல இருக்கிற கெட்டியான நாரைக்கூட அது உடைச்சிடும். ஆனா முழுசாத் தின்னு முடிக்கிறதில்லை. மிச்ச வேலை எருக்குழிக்குத்தான். நான் அந்தக் குழியைத் தாண்டிக் குதிச்சுட்டேன்.

மக்காத வைக்கோலை மண்ணுல கலந்தா, அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கும். அதனாலதான் இலை வெளுக்குது. உப்பு கூடினா வேர் தண்ணி இழுக்க முடியாது, நுனி கருகும். ஏற்கெனவே தாகத்துல நிக்கிற செடிக்கு இது ரெண்டாவது அடி.

இன்னொண்ணும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். சில கொட்டகைகளில் வைக்கோலை வெந்நீரில் அவிக்காமல், கார்பன்டசிம், ஃபார்மலின் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் கழிவை இயற்கை உரம்னு நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் பாலித்தீன் பையை உரிச்சு எடுத்துட்டு, கழிவைச் சாணியோட கலந்து, மேட்டுல குவிச்சு, அப்பப்ப தண்ணி தெளிச்சுப் புரட்டி விட்டேன். மூணு மாசத்துல கறுத்து, மண்வாசம் வந்துச்சு. வாடின செடிக்கு முதல்ல தண்ணி. அப்புறம் தண்டுல படாம சுத்தி ரெண்டு கை எரு. மண்ணுல ஈரம் நிக்குது, புதுத் துளிர் வருது.

டவுன்ல மாடித்தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான். காளான் கழிவு கிடைச்சா விடாதீங்க. ஆனா அன்னைக்கே தொட்டியில கொட்டிடாதீங்க. பெரியம்மா கேள்வியை ஒரு தடவை நெனைச்சுக்கங்க.