அடிச்சட்டத்தின் கறுப்புப் பூச்சு

சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நெடுநாளாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீங்களே பழுதுபார்த்து ஓட்ட விரும்புகிறீர்கள். மேற்கூட்டின் அழகைப் பிறகு கவனிக்கலாம். முதலில் குனிந்து அடியில் பாருங்கள். காரைத் தாங்கும் எஃகு அடிச்சட்டம், அதாவது சேசிஸ், அங்கேதான் இருக்கிறது. அதன்மேலுள்ள கறுப்புப் பூச்சுக்கு நெடிய வரலாறு உண்டு.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் பிறந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதைத் தயாரித்தது. அப்போதே பல கார்களில் தனிச் சட்டம் மறைந்து, உடலே சட்டமாகிவிட்டிருந்தது. ஹெரால்டு மட்டும் ஏன் பழைய வழியில் சென்றது? அதன் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் ஒன்று 1953இல் வாங்கிவிட்டது. ஆகவே கூட்டைப் பல பகுதிகளாக வெவ்வேறு ஆலைகளில் செய்து, சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டினார்கள். வணிகப் போட்டி தந்த இந்த ஏற்பாடு, இன்று வீட்டில் வேலை செய்வோருக்கு வாய்த்த நல்லூழ்! கூட்டைக் கழற்றிவிட்டால் சட்டம் முழுவதும் கைக்கு எட்டும்.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. இரும்பின் ஓரிடம் கரைந்து எலெக்ட்ரான்களை விடுகிறது. வேறோரிடத்தில் நீரும் ஆக்சிஜனும் அவற்றை ஏற்கின்றன. உப்பு சேர்ந்தால் இது விரைவுபெறும். 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், அரிமான ஆய்வுக்கு மண்டபம் கடற்கரையைத் தேர்ந்ததன் காரணம் இதுவே. கரிவலம்வந்தநல்லூர் கடலைவிட்டுத் தள்ளி இருப்பது உங்கள் சட்டத்துக்கு நல்லது.

முற்காலத்தில் இரும்புக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈயச்செந்தூரத்தைப் பூசினர். எண்ணெயும் ஈயமும் சேர்ந்து உண்டாகும் ஈய சோப்புகள் அரிமானத்தைத் தடுத்தன. ஃபோர்டின் 'டி' மாடல் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. நிலக்கீல் கலந்த அப்பூச்சு மலிவானது, நன்கு உழைப்பது. 1923இல் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வந்ததும் மேற்கூடுகள் பல நிறம் பெற்றன. சட்டமோ கறுப்பாகவே நின்றது. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் பெட்டிக் குழாய் போன்ற சட்டத்தின் உட்புறத்தில் தூரிகை புகாதே! 1960களில் ஃபோர்டு நிறுவனத்தின் ஜார்ஜ் புரூவர் குழுவினர் இதற்கு வழி கண்டனர். நீரில் பரவிய வண்ணத்தில் பாகத்தை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தினால், வண்ணத்துகள்கள் சந்துபொந்துகளிலும் சென்று படியும். முதலில் பாகத்தையே நேர்மின்வாயாக்கினர். அதில் உலோகம் சிறிது கரைந்ததால், 1970களில் எதிர்மின்வாயாக மாற்றினர். வீட்டில் இது இயலாது. சட்டத்தின் துளைகள் வழியே மெழுகைப் பீச்சி, நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவதே நாம் செய்யக்கூடியது.

பழைய பூச்சைச் சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், தகுந்த முகமூடி அணியுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் உண்டு. அத்தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு.

பிரேக்கில் எங்கே பூசக்கூடாது என்பதே முக்கியம். வண்டியின் இயக்க ஆற்றல் அங்கு வெப்பமாக மாறுவதால் சாதாரண எனாமல் நிறம் மங்கி உரியும். டிரம்மின் வெளிப்புறத்துக்கு அலுமினியத் தூள் கலந்த சிலிக்கோன் பூச்சு ஏற்றது. லைனிங் உரசும் உட்பரப்பு, ரப்பர் ஹோஸ், சிலிண்டரின் ரப்பர் உறை ஆகியவற்றில் ஒரு சொட்டும் படக்கூடாது. சக்கரம் பொருந்தும் பரப்பில் தடித்த பூச்சும் ஆபத்தே: ஓட்டத்தில் அது நசுங்கித் தேய, நட்டுகள் தளரும்.

கிளைக்கால் வகைப் பிரேக் எண்ணெய் வண்ணத்தைக் கரைத்துவிடும். அதனால் ஒரு நன்மையும் உண்டு. புதிதாகப் பூசிய பின்தகட்டில் சில மாதங்களிலேயே பூச்சு குமிழ்த்து உரிந்தால், வண்ணக் கடைக்காரரைக் குறைகூறுமுன் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர் ஒழுகிக்கொண்டிருக்கலாம்.