பாய்ஸ் கம்பெனியும் லேப்டாப் நாடகமும்

2020 ஊரடங்கில் ஹைஸ்கூல் பசங்களின் கோடைக்கால நாடகப் பயிற்சியும் ஆன்லைனுக்கு வந்தது. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பிலும் சில பிள்ளைகள் லேப்டாப் முன்னால் வசனம் பேசுகிறார்கள். "இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று கேட்கும் பெரிசுகளுக்காகக் கொஞ்சம் சரித்திரம்.

1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். நடிகர்கள் சிறுவர்கள், பெண் வேஷமும் அவர்களே. 1912-ல் பிறந்த டி.கே.சண்முகம் ஆறு வயதில் அங்கே சேர்ந்தார். எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரும் வேறு பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அன்று மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடவேண்டும், பேசவேண்டும். சாப்பாடு, தூக்கம், ஒத்திகை எல்லாம் கம்பெனி வீட்டில்தான்.

காமர்ஸ் படித்தவனாச்சே, வரவு செலவு பார்த்தேன். வரவு: கணீர்க் குரல், திருத்தமான தமிழ். செலவு: பள்ளிக்கூடம், அம்மாவின் மடி. மகரக்கட்டில் குரல் உடைந்தால் பாட்டும் வேஷமும் போச்சு!

இன்றைய பிள்ளைக்குப் படிப்பும் வீடும் பத்திரம். குரலைத்தான் மைக்கிடம் விட்டுவிட்டோம். வகுப்பு முடிந்ததும் அதே வசனத்தைத் தமிழாக்கி, மொட்டைமாடியில் பத்துப் பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசச் சொல்லுங்களேன். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது தமிழ் வகுப்பும்கூட. என்ன சொல்றீங்க?