பிடங்கின் இறப்பர்: கீழைக்கரைத் துவக்குகளில் அழிந்துவரும் ஒரு வரலாற்றுச் சான்று

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை காலத்தை எதிர்த்து நிற்பவை. எனவே இவற்றை விட்டுச் சென்றோரின் வரலாறே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. உழுதுண்டு வாழ்ந்தோர் விட்டுச்சென்ற பொருள்களோ பெரும்பாலும் மரத்தாலும் தோலாலும் துணியாலும் ஆனவை. அவை அழியும்போது அம்மக்களின் வரலாறும் உடன் அழிகின்றது. அவ்வாறு அழிந்துகொண்டிருக்கும் மிகச் சிறியதொரு சான்றினை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சாய்ந்தமருதிலே என் மூத்தவாப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு நெடுங்காலமாக அலுமாரியொன்றின் மூலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு அதனை வெளியே எடுத்தபோது பிடங்கின் அடிப்பாகம் பலகையோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்தெடுத்தபின் கருஞ்செந்நிறப் பசை கையெல்லாம் அப்பியது. தோளில் பொருந்தும் இறப்பர் மெத்தையே அவ்வாறு உருகியிருந்தது. செய்தவரின் பெயர் அதில் அச்சாகப் பதிந்திருந்ததாம். நான் கண்டபோது இரண்டு எழுத்துக்களே எஞ்சியிருந்தன. “ராவைக்கு நாலு வெடி வெச்சா தோள்மூட்டு வீங்கிப் போகும் மனே, இந்த மெத்தைதான் காத்தது” என்றார் மூத்தவாப்பா. இரும்பும் மரமும் நிலைத்திருக்க, தோளைக் காத்த பொருள் மட்டும் அழிந்தது ஏன்? அது நமது கரைக்கு வந்த வழி யாது? இவையே இக்கட்டுரைக்கு வித்திட்ட வினாக்களாகும்.

1. துவக்கும் வயலும்

துவக்கு, துப்பாக்கி என்னும் இரு சொற்களும் துருக்கிய மூலத்தோடு தொடர்புடையன. சிங்களத்தில் வழங்கும் ‘துவக்குவ’ என்பதும் அவற்றின் இனமே. போர்க்கருவியாக இந்நாட்டுக்கு வந்த துவக்கு, கீழைக்கரையில் காலப்போக்கில் வேளாண்மைக் கருவியாகவும் மாறிற்று. சாய்ந்தமருது, கல்முனை முதலிய ஊர்கள் கடலோர மணற்றிட்டில் நெருங்கி அமைந்தவை. அவற்றின் வயல்வட்டைகளோ மேற்கே காட்டை நோக்கி விரிந்து கிடப்பவை. கதிர் முற்றும் காலத்தில் யானையும் பன்றியும் வயலில் இறங்கும். வாடியிலும் பரணிலும் இரவு முழுதும் கண்விழித்திருந்த முல்லைக்காரருக்குத் தீப்பந்தமும் துவக்கின் ஓசையுமே துணையாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானை பயிரின் பகையெனக் கருதப்பட்டமையால் அதனைக் கொல்வோருக்கு அரசே வெகுமதி வழங்கிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என எமேர்சன் ரெனன்ற் பதிந்துள்ளார். பின்னர் நிலைமை மாறிற்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருத்தலை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளுக்குக் காப்பளித்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு இங்கினியாகலையில் அணை எழுந்தபோது காடுகள் நீரில் மூழ்கின. புதிய வயல்கள் தோன்றின. யானைக்கும் உழவனுக்கும் இடையிலான எல்லை மீண்டும் குலைந்தது.

1990ஆம் ஆண்டின் பின்னர் இக்கருவி வேறொரு முகமும் கொண்டது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலே ஊர்காவற் படையினரின் கைகளுக்கு வேட்டைத் துவக்குகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் காத்தனவும் உண்டு, அழித்தனவும் உண்டு. இவ்விரண்டையும் மறைக்காது உரைப்பதே வரலாற்று மாணவனுக்கு அழகாகும்.

2. இறப்பர் வந்த வழி

வெடி முன்னே பாயும்போது துவக்கு பின்னே உதைக்கும். 32 கிராம் நிறையுடைய ஈயச் சன்னம் செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் வெளியேறுமாயின், 3.2 கிலோகிராம் நிறையுடைய துவக்கு செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் தோளை நோக்கிப் பின்வாங்கும். வெடிவாயுவின் தள்ளுகை இதனினும் வேறாகும். இவ்வுதைப்பைத் தணிக்கவே பிடங்கில் இறப்பர் மெத்தை பொருத்தப்படலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனைச் சேர்ந்த சில்வர் நிறுவனம் செய்த மெத்தைகள் பெயர் பெற்றவை. அந்நிறுவனத்தின் இறப்பர்த் தொழிற்சாலை எழுந்த இடமே ‘சில்வர்டவுன்’ என இன்றும் வழங்குகின்றது.

மூலப்பொருளின் கதையோ நமது நாட்டையும் தழுவியது. 1876இல் ஹென்றி விக்காம் அமேசன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் அதே ஆண்டில் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியத் தோட்ட இறப்பரின் பெருக்கம் இங்ஙனம் தொடங்கிற்று. 1913 அளவில் தோட்ட இறப்பர் பிரேசிற் காட்டிறப்பரை விஞ்சியது. 1942இல் மலாயா யப்பானியர் வசமானபோது நேசநாடுகளின் இயற்கை இறப்பர்த் தேவையிற் பெரும்பகுதியை இலங்கையே ஈடுசெய்ய நேர்ந்தது.

மேற்கின் ஈரவலய மலைச்சாரல்களில் இறப்பர் வளர்ந்தது. கிழக்கின் உலர்வலயச் சமவெளியில் நெல் விளைந்தது. 1952இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட ஐந்தாண்டு உடன்படிக்கை ஆண்டுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பருக்கு 2,70,000 மெற்றிக் தொன் அரிசியைப் பெற வழிசெய்தது. நாட்டின் பொருளாதாரத்தில் இவ்வாறு எதிர்நின்ற நெல்லும் இறப்பரும் வயற்பரணில் இருந்த உழவனின் தோளிலே ஒன்றாகச் சந்தித்தன எனலாம்.

3. அழிவின் காரணம்

இயற்கை இறப்பர் வெப்பத்திற் பசையாகவும் குளிரிற் கட்டியாகவும் மாறும் இயல்பினது. 1830களில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட இறப்பர்ப் பொருள்கள் கோடையில் உருகியமையால் அவற்றைச் செய்தோர் பெருநட்டமடைந்தனர். 1839இல் சாள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றும் வல்கனைசுப்படுத்தல் முறையைக் கண்டறிந்தார். இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைப்பதால் அது உருகாது மீள்தன்மை பெறுகின்றது.

ஆயின் இச்சங்கிலிகளில் எஞ்சும் இரட்டைப் பிணைப்புக்களே அதன் பலவீனமாகும். ஒட்சிசனும் வெப்பமும் ஒளியும் அவற்றைத் தாக்கிச் சங்கிலிகளை அறுக்கின்றன. இறப்பர் மென்மையுற்றுப் பசையாகி, பின்னர் இறுகி நொறுங்குகின்றது. ஓசோன் வாயு, இழுபட்ட இடங்களில் வெடிப்புக்களை உண்டாக்குகின்றது. இதற்கு மேலாக, துவக்கு வைக்கப்படும் முறையும் கேட்டினைத் துரிதப்படுத்துகின்றது. குழலைத் துருவினின்று காக்கப் பூசிய கனிய எண்ணெய், துவக்கை நிமிர்த்தி வைக்கும்போது மெல்லக் கீழிறங்கிப் பிடங்கின் மரத்தை ஊடுருவி இறப்பரை அடைகின்றது. எண்ணெயை உறிஞ்சிய இறப்பர் வீங்கித் தளர்கின்றது. துவக்கின் பாரமும் அதன்மேலேயே இருக்கின்றது. உப்புக்காற்றினால் மெத்தையைப் பூட்டிய திருகாணிகளும் துருவேறுகின்றன. பிற்காலத்துப் பொலியூரிதேன் மெத்தைகளுக்கும் விலக்கில்லை. அவற்றுள் ஒருவகை காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து பசையாகும். இரும்பைக் காக்க நாம் செய்ததே இறப்பருக்குக் கேடாயிற்று என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

4. நாம் இழப்பது யாது?

உருகிய மெத்தையைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுதல் எளிது. பயன்பாட்டுக்கு அதுவே முறையுமாகும். இறுகிய மெத்தை உதைப்பைத் தணிப்பதில்லை. ஆனால் பழைய மெத்தை ஓர் ஆவணம். அதன் தேய்வு துவக்கைத் தாங்கியது வலத்தோளா இடத்தோளா என்பதைக் காட்டும். அதன் தடிப்பு, பிடங்கு யாருடைய உடலுக்கேற்பக் குறுக்கப்பட்டது அல்லது நீட்டப்பட்டது என்பதைக் கூறும். அதில் அச்சான பெயர் அக்கருவி கடந்துவந்த வணிக வழியைச் சுட்டும். போடியார் வீட்டுக் கணக்கேடுகளில் இடம்பெறாத முல்லைக்காரனின் தோள், அந்த இறப்பரிலேதான் பதிந்திருக்கின்றது.

இதனை இப்போது கூறுவதற்குக் காரணமும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை சாய்ந்தமருதின் கரையோர இல்லங்களை மனிதரோடும் பொருளோடும் வாரிச்சென்றது. எஞ்சிய வீடுகளிலுள்ள துவக்குகளும் நிலையானவை அல்ல. அனுமதிப்பத்திரமின்றி அவற்றை வைத்திருத்தல் குற்றமாதலால், உரிமையாளர் மறையும்போது அவை இல்லத்தைவிட்டு நீங்குவதும் உண்டு. பொருள் நீங்குமுன் அதன் விவரத்தையாவது பதிந்துகொள்ளுதல் நம்மாற் கூடியதே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. உரிமையாளரின் முன்னிலையில், தோட்டா அகற்றப்பட்ட துவக்கின் மெத்தையை அளந்து, படம்பிடித்து, எழுத்துக்களைப் பிரதி செய்து, அதனைத் தோளில் தாங்கியவரின் வாய்மொழியையும் எழுதிக்கொண்டாற் போதும். எண்ணெய் பின்னோக்கி வடியாதபடி துவக்கைக் கிடையாக வைக்கவும், மெத்தையின்மீது எண்ணெய் தடவாதிருக்கவும், வெயில் படாத குளிர்ந்த இடத்தைத் தேர்ந்துகொள்ளவும் அறிவுறுத்தலாம். கழற்றப்பட்ட மெத்தையைப் பெயரும் திகதியும் எழுதிய கடதாசியிற் பொதிந்து வைக்கலாம்.

முடிவுரை

இறப்பரின் அழிவை முற்றாகத் தடுத்தல் இயலாது; தாமதப்படுத்தலே இயலும். எனவே இங்கு நாம் காக்க வேண்டியது பொருளை மட்டுமன்று, அது கூறும் செய்தியையுமாம். என் மூத்தவாப்பாவின் துவக்கில் எஞ்சியிருந்த இரண்டு எழுத்துக்களையும் ஒரு தாளில் வரைந்து வைத்துள்ளேன்; அருகே அவர் கூறிய சொற்களையும் எழுதியுள்ளேன். அடுத்த மாரிக்குள் அவ்விரண்டு எழுத்துக்களும் உருகிவிடக்கூடும். கீழைக்கரையின் ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய ஒரு தாளேனும் எழுதப்படுமாயின், கல்வெட்டில் இடம்பெறாத உழவரின் வரலாற்றுக்கு ஓர் ஏடு கிடைத்ததாகும். அப்பணியைத் தொடங்குதல் மாணவராகிய நமது கடமையாகும்.