அப்பன் பெயர் என்னும் கட்டம்



பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றியும் தறி ஓட்டியும் பிழைக்கும் நம் பெண்களில் மணமாகாமல் தாயானவர்களுக்கு, அந்தக் கட்டத்தின் முன் பேனா நின்றுவிடுகிறது. தகப்பன் யாரென்று ஊருக்குத் தெரியும். அவன் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் ஊர் வாய் திறக்காது. கொஞ்சம் பணம் கொடுத்துப் பேசி முடித்துவிடும். இந்த மௌனத்துக்குச் சட்டத்திலும் ஒரு வரலாறு உண்டு.

வெள்ளையர் கால நீதிமன்றங்கள் இந்துச் சட்டத்தை வருணம் பார்த்தே பிரித்தன. மேல் மூன்று வருணத்தாருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் சோற்றுக்கு மட்டுமே உரியவன். சூத்திரருக்குப் பிறந்தவனுக்குச் சொத்தில் பங்குண்டு. ஆனால் தாய் ஒருவரிடமே நிலையாக இருந்தவள் என்று காட்ட வேண்டும். மகளுக்கு அந்தப் பங்கும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், இத்தகைய பிள்ளை தாய்க்கு மட்டுமே உறவு என்றது. அதே ஆண்டின் பராமரிப்புச் சட்டம், மைனராக இருக்கும்வரை தந்தையும் காப்பாற்ற வேண்டும் என்றது. சோறு உண்டு, பங்கு இல்லை.

அந்தச் சோற்றுக்கான வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது: 1898 சட்டத்தில் 488ஆம் பிரிவு, 1973 சட்டத்தில் 125, இன்றைய சட்டத்தில் 144. தாய்க்கு மணமாகியிருக்க வேண்டியதில்லை. ஆனால் 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது.

நிரூபிப்பதுதான் பெரும்பாடு. 2024 வரை நடப்பில் இருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மணவுறவுக்குள் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனைத் தானே தந்துவிட்டது. மணமாகாத தாயோ எல்லாவற்றையும் தானே மெய்ப்பிக்க வேண்டும். 1980களின் இறுதியில் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு தாய் வழக்காடினார். ஐதராபாத் ஆய்வு மையத்தில் லால்ஜி சிங் செய்த டி.என்.ஏ. சோதனை அவர் சொல்லை உறுதி செய்தது. 1991இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனாலும் கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஆகவே கடிதம், புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு, அக்கம்பக்கத்தார் சாட்சி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீலைத் தருகிறது. நம் தாயும் பிள்ளையும் இந்த மூன்று வகையிலும் உரியவர்கள். மாவட்ட ஆணையம் சேலத்தில் இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு: ஆதிக்கச் சாதித் தகப்பன் பெயரை எழுதினால் பிள்ளையின் சாதிச் சான்று போய்விடுமோ? தந்தையின் சாதியே முடிவானது அல்ல, பிள்ளை எந்தச் சமூகத்தில் வளர்ந்து எந்த இழிவைச் சுமந்தது என்று பார்க்க வேண்டும் என்று, சாதி கடந்த மணம் பற்றிய வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் சொன்னது.

பெயரைச் சொல்லவும் உரிமை உண்டு, சொல்லாதிருக்கவும் உரிமை உண்டு. எதைக் கொள்வது என்று தாய் முடிவு செய்யட்டும். ஊர் கூடிப் பேசி முடிக்கும் திண்ணைக்கு அதில் வேலையில்லை. அவளோடு நீதிமன்றப் படி ஏறுவதுதான் நம் வேலை.