கரையும் மலையும்: கல்முனைப் பிரதேசத்தின் வாணிபத் தொடர்புகள் பற்றிய ஒரு நோக்கு

கல்முனையை உள்ளிட்ட அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறு பெரும்பாலும் ஓர் அரசனின் கருணையிலிருந்தே தொடங்கப்படுகிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆதிக்கத்துக்குட்பட்ட கரைகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது மரபாகக் கூறப்படும் செய்தி. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், கருணையை மட்டுமே காரணமாகக் காட்டுவது, அக்குடியேற்றத்துக்குப் பின்னிருந்த பொருளாதார உறவுகளை மறைத்துவிடுகிறது.

மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து மேலேற வேண்டும். பாக்கும் மிளகும் கரைக்கு இறங்க வேண்டும். வண்டி செல்லாத காட்டுவழிகளில் இப்பரிமாற்றத்தைச் சாத்தியமாக்கியது தவளம் எனப்பட்ட பொதிமாட்டுத் தொடராகும். அதனை நடத்தியோருள் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள்.

இவ்வழிகள் தடையற்றவையல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், காவலர் நின்ற முட்கதவுகளையும், அவற்றைக் கடப்போர்க்கு வழங்கப்பட்ட களிமண் முத்திரைகளையும் விவரிக்கிறார். உழைப்பாளிக்குரிய முத்திரையில், தோள்தடியின் இருமுனைகளிலும் பைகளைக் காவும் மனித உருவம் பதிக்கப்பட்டிருந்தது. கடலோரத் துறைகளைப் போலவே இக்கடவைகளும் துறைகளே, இவை தரைத்துறைகள். மனிதன் அங்கு அவனது உழைப்பாலேயே அடையாளங் காணப்பட்டான்.

கண்டி அரசின் மடிகே பத்த என்னும் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் இடம்பெற்றனர். அரச பண்டங்களைச் சுமப்பது அவர்களது இராஜகாரியக் கடமை. எனவே இவ்வுறவை வெறும் இன நல்லிணக்கமாகச் சித்திரிப்பதும் முழுமையாகாது. அது பரஸ்பரத் தேவையிலும் நிலமானியக் கட்டாய உழைப்பிலும் ஒருங்கே காலூன்றியிருந்தது.

1766 உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரை முழுவதையும் தமதாக்கினர். கண்டி, கடலற்ற அரசாயிற்று. 1815இல் பிரித்தானியர் அவ்வரசையே கைப்பற்றினர். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அரசியல் எல்லை அழிந்தபின் கரைக்கும் மலைக்குமான பிணைப்பு வலுப்பெற்றிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. கோப்பியும் பின்னர் தேயிலையும் வேண்டிய பாதைகள் கொழும்பை நோக்கிச் சென்றன. வண்டியும் புகைவண்டியும் வந்தபின் தவளம் மறைந்தது, கிழக்குக்கரை விளிம்பாயிற்று.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டமும் கரைக்கும் உள்நாட்டுக்குமான உறவை நீர், காணி, நிர்வாக அதிகாரம் ஆகியவை பற்றிய உறவாக மாற்றின. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயில் மணலால் அடைபட்டது. அயற்கரையைக் கடல் அரித்தது. மீனவரே அதன் விலையைச் செலுத்தினர்.

இக்கரை மக்களை மன்னன் அளித்த புகலிடத்தில் வாழும் விருந்தினராகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. மலைநாட்டின் அன்றாட உணவில் இவர்களது உழைப்பு உப்பாகக் கலந்திருந்தது. இந்நாட்டில் இவர்களுக்குள்ள உரிமையை அவ்வுழைப்பிலிருந்தே நாம் எழுதத் தொடங்குதல் வேண்டும்.